30 கி.மீ. உயரத்துக்கு ஒரு கேமரா

வானிலை நிலையங்கள் நாள்தோறும் பறக்கவிடும் லேடெக்ஸ் ரப்பர் பலூன்தான் ஆர்வலர்கள் தங்கள் கேமராவை மேலே அனுப்பவும் பயன்படுத்தும் வாகனம். ஹீலியமோ ஹைட்ரஜனோ நிரப்பி விட்டால் நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்தில் அது ஏறும். ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்; உள்ளே இருக்கும் வாயு விரியும். தரையில் ஒன்றரை மீட்டர்கூட இல்லாத பலூன் ஐந்து மீட்டர் குறுக்களவை எட்டும்போது ரப்பர் தாக்குப்பிடிக்காமல் கிழிந்துபோகும். அதன்பின் கீழே தொங்கிய பெட்டி பாராசூட்டில் இறங்கி வரும். புறப்பட்டது முதல் தரை தொடும் வரை எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குள் கருநீல வானத்தையும் வளைந்த தொடுவானத்தையும் படமெடுத்துத் திரும்பும் ஒரு சிறு பெட்டியைச் செய்வதே வேலை.

30 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் 12 மில்லிபார். தரையில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். வளிமண்டலத்தின் 99 விழுக்காடு அந்த உயரத்துக்குக் கீழே தங்கிவிடுகிறது. ஒளியைச் சிதறடித்து வானத்தை நீலமாக்கும் மூலக்கூறுகள் மேலே மிகக் குறைவு என்பதால், நண்பகலிலும் வானம் ஏறக்குறையக் கருப்பாகத் தெரிகிறது. குளிரின் கணக்கு வேறு. தரையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி வீதம் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகும். ஐரோப்பிய நாடுகளின் மேலே 11 கி.மீ. சுமாரில், மைனஸ் 55 டிகிரிக்கு அருகில், இந்த இறக்கம் நின்றுவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பகுதிகளில், தமிழ்நாட்டுக்கு மேலேயும், இறக்கம் 16, 17 கி.மீ. வரை நீடித்து மைனஸ் 80 டிகிரியைத் தொடும். வெயில் கொளுத்தும் ஊரின் தலைக்கு மேலேதான் கடுங்குளிர் கூடுதலாக இருக்கிறது. அதற்கும் மேலே மீள் அடுக்கில் ஓசோன் சூரியனின் புறஊதாக் கதிரை உறிஞ்சுவதால் வெப்பநிலை மெல்ல ஏறத் தொடங்கும்.

இந்தப் பயணத்தில் எடை எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கே காட்டிவிடும். ஒரு கன மீட்டர் ஹீலியம் தரைமட்டத்தில் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். 500 கிராம் எடையுள்ள ஒரு பலூன் சுமார் 5 மீட்டர் குறுக்களவில், அதாவது 65 கன மீட்டர் கொள்ளளவில் வெடிக்கும் என்று கொள்வோம். பெட்டியும் பாராசூட்டும் சேர்ந்து 250 கிராம் என்றால், பலூனின் எடையையும் கூட்டி 750 கிராமைத் தூக்க வேண்டும். நொடிக்கு 5 மீட்டர் வேகம் கிடைக்க, காற்றுத்தடையை வெல்ல இன்னும் 600 கிராம் அளவு மிகை தூக்குவிசை தேவை. ஆக 1.3 கன மீட்டர் வாயு போதும். அது 65 கன மீட்டராக விரிய, வெளிக்காற்றின் அடர்த்தி ஐம்பதில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அந்த இடம் சுமார் 28 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதே பலூனில் 800 கிராம் பெட்டியைக் கட்டினால் 2 கன மீட்டர் வாயு வேண்டும். 32 மடங்கு விரிந்ததுமே பலூன் உடையும். உயரம் 25 கி.மீ. அளவில் நின்றுபோகும். அரைக் கிலோ கூடியதற்கு மூன்று கிலோமீட்டர் உயரம் பறிபோகிறது, அதோடு வாயுச் செலவும் ஒன்றரை மடங்கு. பெரிய பலூன் வாங்கி ஈடுகட்டலாம்தான். ஆனால் விலை பலூனின் எடையோடு சேர்ந்தே ஏறும். பெட்டியைக் குறைப்பது எப்போதும் மலிவான வழி.

எடையைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு, அது உயரத்தைவிடப் பெரியது. பெட்டி எங்கே இறங்கும் என்பதை யாரும் முழுமையாகத் தீர்மானிக்க முடியாது. 200 கிராம் தெர்மாகோல் பெட்டி நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு கூரைமீது விழுந்தால் கூரைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு கிலோ பெட்டிக்கு அப்படிச் சொல்ல முடியாது. சர்வதேச விமானப் போக்குவரத்து விதிகளும் ஆளில்லாப் பலூன்களை எடையை வைத்தே வகைப்படுத்துகின்றன: மொத்தச் சுமை 4 கிலோவுக்குள் இருந்தால் இலகு வகை, 6 கிலோவோ அதற்கு மேலோ என்றால் கன வகை. சுமை சிறியதாக இருந்தாலும், அதைத் தொங்கவிடும் கயிறு அறுபட 230 நியூட்டனுக்குக் குறையாத விசை தேவைப்பட்டால் அதுவும் கன வகையில் சேரும். விமானத்தில் சிக்கினால் கயிறு எளிதாக அறுந்துவிட வேண்டும் என்பதே இதன் நோக்கம். எனவே கயிறு தடிமனாக இருப்பது பெருமைக்குரிய விஷயமல்ல.

பலூனிலிருந்து பூமியின் வளைவைப் படமெடுப்பது ஒரு காலத்தில் அரசும் படையும் செய்த காரியம். 1935 நவம்பர் 11 அன்று ‘எக்ஸ்ப்ளோரர் 2’ பலூன் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலிருந்து இருவரை ஒரு மூடிய உலோகக் கோளத்தில் ஏற்றிக்கொண்டு 22,066 மீட்டர் உயரம் சென்றது. அதற்காகச் செய்யப்பட்ட பலூனின் கொள்ளளவு ஒரு லட்சம் கன மீட்டருக்கும் மேல். அவர்கள் கொண்டுவந்த படங்களில் தொடுவானத்தின் வளைவு தெளிவாகத் தெரிந்தது. 2009 செப்டம்பரில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் சுமார் 150 டாலர் செலவில் அதைவிட உயரத்துக்குப் போனார்கள். ஒரு சாதாரண கேனன் டிஜிட்டல் கேமரா, இடம் காட்டும் மலிவான செல்போன், குளிர்பானம் வைக்கும் தெர்மாகோல் பெட்டி, கைகளைச் சூடாக்கும் சிறு பொட்டலங்கள் ஆகியவையே அவர்களின் கருவிகள். பெட்டி 28 கி.மீ. உயரம் சென்று திரும்பியது. பறக்கும்போது அவர்களுக்கு ஒரு படமும் கிடைக்கவில்லை. பெட்டியைக் கண்டுபிடித்த பிறகே படங்களைப் பார்க்க முடிந்தது.

2012 ஜூலையில் டேவ் ஏக்கர்மன் என்ற பிரிட்டிஷ் ஆர்வலர், அந்த ஆண்டுதான் விற்பனைக்கு வந்திருந்த ராஸ்பெர்ரி பை கணினியில் ஒரு வெப்கேமைப் பொருத்தி, ஏறத்தாழ 40 கி.மீ. உயரத்துக்கு அனுப்பினார். படங்கள் பலூன் பறந்துகொண்டிருக்கும்போதே வானொலி வழியே தரைக்கு வந்துசேர்ந்தன. பெட்டி தொலைந்தாலும் படம் தொலையாது என்ற நிலை அமெச்சூர் பலூன்களின் போக்கையே மாற்றிவிட்டது. இன்றைய எடை குறைந்த கேமராப் பெட்டிகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

இப்போது அத்தகைய பெட்டியின் மூளையாக இருப்பது 9 கிராம் எடையுள்ள பை ஸீரோ போர்டு. அதற்கான கேமரா ஒரு தபால்தலையைவிடப் பெரிதல்ல. எடை 3 கிராம். ஒரு பொழுதுபோக்குக் கேமராவில் திரை, ஃபிளாஷ், ஜூம் மோட்டார், உலோக உடல் என்று பறக்கும்போது எதற்கும் உதவாத பாகங்களே எடையில் பெரும்பங்கு. அவற்றை உதறிவிட்டால் எஞ்சுவது லென்ஸும் சென்சாரும் மட்டும். கைக்கடக்கமான ஆக்‌ஷன் கேமராவை அனுப்புவோரும் பலர். அதன் படம் நன்றாக இருக்கும். ஆனால் அதனிடமிருந்து படத்தை எடுத்து வானொலிக்குக் கொடுப்பதும், எக்ஸ்போஷரை நம் விருப்பப்படி கட்டுப்படுத்துவதும் கடினம்.

எக்ஸ்போஷரைக் கட்டுப்படுத்துவது இங்கே அவசியமானது. படத்தின் பாதியை இருண்ட வானம் நிரப்பும்போது கேமராவின் தானியங்கி அளவீடு காட்சியை இருட்டு என்று எடுத்துக்கொண்டு ஒளியைக் கூட்டும். வெயிலில் மின்னும் மேகங்கள் வெளுத்துப்போய் விவரமே இல்லாத வெள்ளைத் திட்டாகும். இதைத் தவிர்க்க, ஒளியளவை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டும். இருண்டு பதிவான பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்கலாம், வெளுத்ததை மீட்க முடியாது. குவியத்தை முடிவிலிக்கு நிலைநிறுத்தி, லென்ஸ் வளையத்தை ஒரு சொட்டுப் பசையால் அசையாமல் செய்துவிட வேண்டும். தானியங்கிக் குவியம் மேகமூட்டத்துக்குள் எதையாவது தேடி அலையும்.

அதைவிடப் பெரிய தொல்லை சுழற்சி. நூலில் தொங்கும் பெட்டி ஓயாமல் சுழலும், ஆடும். 2592 பிக்சல் அகலமும் 54 டிகிரி பார்வைக் கோணமும் கொண்ட கேமராவில் ஒரு டிகிரிக்கு 48 பிக்சல் வருகிறது. பெட்டி 12 நொடிக்கு ஒரு சுற்று சுற்றினால் நொடிக்கு 30 டிகிரி. ஷட்டர் நேரம் நூறில் ஒரு நொடி என்றால் படம் 14 பிக்சல் அளவுக்கு இழுபட்டு மங்கிவிடும். ஆயிரத்தில் ஒரு நொடி என்றால் ஒன்றரைப் பிக்சல்தான்; கண்ணுக்குத் தெரியாது. உயரத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதால் ஆயிரத்தில் ஒரு நொடியை வைத்துக்கொள்வதில் தடையில்லை. ஆனால் இவ்வகைச் சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகவே படிக்கின்றன. முழுப் படத்தையும் படிக்க இருபதில் ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் பெட்டி ஒன்றரை டிகிரி திரும்பியிருக்கும். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் இடையே 70 பிக்சலுக்கு மேல் பக்கவாட்டு நகர்வு. செங்குத்தான விளிம்புகள் சாய்ந்து தெரிவது இதனால்தான். ஷட்டரைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது; சுழற்சியைக் குறைத்தால்தான் உண்டு. நூலை நீளமாக விடுவது, பெட்டியின் இருபுறமும் இரு நூல்களால் கட்டுவது, பக்கங்களில் நீண்ட மெல்லிய குச்சிகளை நீட்டிவிடுவது ஆகியவை ஓரளவு பலன் தரும். மீதியை எண்ணிக்கையால் ஈடுகட்ட வேண்டும். பத்து நொடிக்கு ஒரு படம் என்றால் மூன்று மணி நேரத்தில் ஆயிரம் படங்களுக்கு மேல் சேரும், மூன்று ஜிபிக்குள் அடங்கும். அவற்றில் பல சூரியனை நேரே பார்த்தவையாகவோ பலூனின் அடிப்பகுதியைக் காட்டுபவையாகவோ இருக்கும். நல்ல படங்கள் ஐம்பது தேறினால் அந்தப் பயணம் வெற்றி.

இருந்தாலும் வடிவமைப்பாளர் முதலில் கவலைப்பட வேண்டியது கேமராவைப் பற்றியல்ல, செல்களைப் பற்றி. கடிகாரத்திலும் டார்ச்சிலும் போடும் சாதாரண ஆல்கலைன் ஏஏ செல் ஒன்று 23 கிராம். அதிலுள்ள நீர்க்கரைசல் குளிரில் மந்தமாகி, மைனஸ் 20 டிகிரியிலேயே செல் செயலிழக்கத் தொடங்கும். செல்போன்களில் உள்ள லித்தியம் அயன் செல்லும் அதே வெப்பநிலையில் தடுமாறும். ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம்–இரும்பு டைசல்ஃபைடு ஏஏ செல் 15 கிராம்தான். மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும். எடையிலும் குளிர் தாங்குவதிலும் அதற்கு இணை கிடையாது. விலையைப் பார்த்து இதில் சிக்கனம் செய்பவர்கள் பெட்டியையே இழக்க நேரிடும். கணினி, கேமரா, வானொலி மூன்றும் சேர்ந்து சராசரியாக ஒன்றரை வாட் எடுத்தால், தரையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கு ஏழரை வாட்–மணி வேண்டும். நான்கு செல்களில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்கிறது. எடை 60 கிராம். பெட்டியிலேயே எடை மிகுந்த பொருள் இதுதான்.

தெர்மாகோல் பெட்டி இருக்கிறதே, உள்ளே கதகதப்பாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வெளிப்புறம் 12 செ.மீ., சுவர் 2 செ.மீ. தடிமன் கொண்ட கனசதுரப் பெட்டியின் எடை 25 கிராம்தான்; ஆனால் ஒன்றரை வாட் வெப்பத்தை வைத்துக்கொண்டு அது உட்பகுதியை வெளிச்சுவரைவிட 15 டிகிரி அளவே சூடாக வைத்திருக்கும். வெளியே மைனஸ் 60 என்றால் உள்ளே நீண்ட நேரத்தில் மைனஸ் 45 வரை இறங்கலாம். பெட்டியைக் காப்பாற்றுவது இரண்டு விஷயங்கள்: தரையின் சூட்டோடு புறப்படுவது, கடுங்குளிர்ப் பகுதியை அரைமணி நேரத்தில் கடந்துவிடுவது. அதற்கு மேலே காற்று மெலிந்துவிடுவதால் அது பெட்டியிலிருந்து பறிக்கும் வெப்பமும் குறையும். நேர் வெயில் சுவரைச் சூடாக்கும். காற்று மெலிவதில் ஒரு எதிர்விளைவும் இருக்கிறது. காற்றோட்டத்தை நம்பிக் குளிர வேண்டிய சிப், சுற்றிலும் குளிராக இருந்தும் தன்னளவில் சூடேறும். ஆகவே சிப்பின் வெப்பநிலையையும் பெட்டியின் வெப்பநிலையையும் தனித்தனியாக அளந்து பதிவு செய்வது நல்லது.

லென்ஸுக்கு முன்னால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வைத்து மூடுவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், பறக்கும்போது காலை வாரிவிடும். பெட்டிக்குள் அடைபட்ட ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பனியாகப் படிந்து, உச்சியை எட்டும் நேரத்தில் காட்சியை மறைத்துவிடும். சுவரில் சிறு துளையிட்டு, லென்ஸின் முனை வெளியே எட்டிப் பார்க்கும்படி வைப்பதே மேல். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் ஈரம் இன்னும் குறையும். துளை அகலமாக இருந்தால் அதன் விளிம்பு படத்தில் விழாது. மிக அகலமாக இருந்தால் குளிர் உள்ளே வரும். இறங்கும்போது உறைந்துபோன லென்ஸ் ஈரமான கீழ்க்காற்றில் நுழைவதால் மங்குவதைத் தடுக்க வழியில்லை. நல்ல படங்கள் ஏறும்போதே கிடைத்துவிட வேண்டும்.

இடங்காட்டிக் கருவியில் ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. ஏவுகணைகளுக்குப் பயன்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, 18 கி.மீ. உயரத்துக்கு மேலும் 1,000 நாட் வேகத்துக்கு மேலும் ஜிபிஎஸ் கருவிகள் செயல்படாதபடி ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் வரையறுத்தன. இரண்டு எல்லைகளையும் ஒருசேரத் தாண்டினால் மட்டுமே நிற்கும் கருவி பலூனுக்கு உதவும், ஏனெனில் பலூன் வேகமாகப் பறப்பதில்லை. சில தயாரிப்பாளர்களோ இரண்டில் எதைத் தாண்டினாலும் நிற்கும்படி செய்துவிட்டார்கள். அத்தகைய கருவி 18 கி.மீ. உயரத்தில் ஊமையாகிவிடும். யூ–பிளாக்ஸ் கருவிகள் பலூன்காரர்களிடையே பிரபலமானதற்குக் காரணம், அவற்றில் ‘பறக்கும்’ நிலை என்ற அமைப்பு இருப்பது. அதைத் தேர்ந்தால் 50 கி.மீ. வரை இடம் காட்டும். ஆனால் வாங்கும்போது அது தரைப் பயன்பாட்டு நிலையில்தான் இருக்கும். அதில் எல்லை 12 கி.மீ. மின்சாரம் ஒருகணம் தடைபட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடக்கூடும் என்பதால், நிரல் அந்தக் கட்டளையைப் பறக்கும்போது திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். கேமராவின் தரவுப் பட்டையையும் ஜிபிஎஸ் ஆன்டெனாவையும் இயன்றவரை விலக்கி வைப்பதும் கட்டாயம். அதிவேகத் தரவு ஓடும் பட்டை எழுப்பும் மின்காந்த இரைச்சலில், செயற்கைக்கோளின் மெல்லிய சமிக்ஞை மூழ்கிப்போகும்.

செல்போன் வலையமைப்பு சில கிலோமீட்டர் உயரத்திலேயே கைவிட்டுவிடும். ஆகவே பெட்டி தன் இருப்பிடத்தை வானொலியில் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஆர்வலர்கள் உரிமம் தேவையில்லாத 434 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 10 மில்லிவாட் திறனோடு இதைச் செய்தார்கள். 10 மில்லிவாட் மிகச் சொற்பமான திறன். ஆனால் 30 கி.மீ. உயரத்திலிருந்து தொடுவானம் 600 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது. இடையில் மலையோ கட்டடமோ இல்லாததால் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் அது கேட்கிறது. இவ்வளவு மெல்லிய வழியில் படத்தை அனுப்ப உருவானதே எஸ்எஸ்டிவி என்ற முறை. அது படத்தை 256 பைட் பொட்டலங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு பொட்டலமும் படத்தில் தன் இடம் எது என்ற தகவலையும், சிறு பிழைகளைத் திருத்திக்கொள்ளும் குறியீட்டையும் தன்னுள்ளேயே கொண்டுபோகும். ஒன்று தவறினால் அந்தத் துண்டு மட்டும் சாம்பல் நிறமாகத் தெரியும், மற்றவை கெடாது. நொடிக்கு 300 பிட் வேகத்தில் ஒரு பொட்டலத்துக்கு ஒன்பது நொடிக்கு மேல் ஆகும். நாற்பது பொட்டலங்கள் கொண்ட ஒரு சிறு படம் ஆறு நிமிடத்தில் இறங்கும். வெவ்வேறு ஊர்களில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தங்களுக்குக் கிடைத்த பொட்டலங்களை இணையத்தில் ஒரே இடத்தில் சேர்ப்பதால் ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் நிரப்புகிறார். முழு அளவுப் படம் மெமரி கார்டில் இருக்கும். தரைக்கு வருவது அதன் சுருக்கம்.

பாராசூட்டில் அதிக நுணுக்கம் கிடையாது. தரையில் நொடிக்கு 5 மீட்டர் வேகம் தரும் அளவு போதும். உச்சியில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதில் ஒன்றரை விழுக்காடுதான் என்பதால், அதே பாராசூட்டில் பெட்டி முதலில் நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் விழும். பெட்டி தாறுமாறாகப் புரளும் அந்தச் சில நிமிடங்களில்தான் தளர்ந்த இணைப்புகள் கழன்றுபோகின்றன. ஒயர்களை இறுகப் பற்றவைத்து, செல்களைப் பட்டையால் கட்டியிருக்க வேண்டும்.

பறக்கவிடும் முன் அனுமதி வேண்டும். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தையும், அருகிலுள்ள விமானக் கட்டுப்பாட்டு நிலையத்தையும் கேளாமல் இதில் இறங்கக் கூடாது. வானொலி விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் செல்லுபடியாகும் அலைவரிசை இங்கேயும் செல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. காற்றின் போக்கை முன்கணித்து இறங்குமிடத்தைச் சொல்லும் நிரலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கி இலவசமாகத் தந்திருக்கிறார்கள். அது நகரத்தையோ கடலையோ விமான நிலையத்தையோ காட்டினால் அன்றைக்குப் பறக்கவிடாமல் இருப்பதே சரி. தமிழகக் கரையோர ஊர்களில் இது அடிக்கடி நேரக்கூடியது.

முழுமையாகப் பூட்டிய பெட்டியை, உலர்பனிக்கட்டி வைத்த ஒரு பெரிய பெட்டிக்குள் மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது சிறந்த சோதனை. உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி, தமிழ்நாட்டு வானத்தின் குளிருக்கு ஏறத்தாழச் சமம். அதில் படங்களும் சமிக்ஞையும் இடைவிடாமல் வந்தால் பெட்டி தயார்.

பெட்டி கைக்குத் திரும்பியதும் ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் ஜிபிஎஸ் பதிவோடு பொருத்தினால் எந்தப் படம் எந்த உயரத்தில் எடுக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு வளைவை அளக்கலாம். அகன்ற கோண லென்ஸ் நேர்க்கோட்டையே வளைத்துக் காட்டும் என்பதால், தொடுவானம் படத்தின் நடுவே செல்லும் படங்களையே எடுத்துக்கொள்ள வேண்டும்; நடுவே செல்லும் கோட்டை லென்ஸ் வளைப்பதில்லை. 30 கி.மீ. உயரத்தில் தொடுவானம் கிடைமட்டத்துக்கு ஐந்தரை டிகிரி கீழே தெரியும். 2592 பிக்சல் அகலப் படத்தில் நடுவைவிட இரு ஓரங்களும் 30 பிக்சல் தாழ்ந்திருக்கும். விளம்பரப் படங்களில் வில்லாக வளைந்து நிற்கும் பூமி பெரும்பாலும் லென்ஸின் கைவண்ணம். உண்மையான வளைவு இந்த 30 பிக்சல்தான். உயரமும் இந்தத் தாழ்வும் தெரிந்தால் பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அளவீட்டில் ஒரு பிக்சல் பிழைத்தால் விடையில் ஏறத்தாழ 7 விழுக்காடு, அதாவது 400 கி.மீ.க்கு மேல் வேறுபாடு வரும். பத்து இருபது படங்களில் அளந்து சராசரி எடுத்தால் அந்தப் பிழை குறையும்.